ஹோமியோபதி: அன்றும் இன்றும்



மருத்துவம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது மருந்துதான். ஆனால் வள்ளுவப் பெருந்தகை, 'மருந்து' என்றே பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கிறார். நோயுற்றவன் ஒன்று, அந்நோயைத் தீர்ப்பவன் இரண்டு, மருந்து மூன்று, உடனிருந்து மருந்தைத் தவறாது கொடுப்பவன் நான்கு. இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், படுக்கையில் கிடந்த ஒருவன் நலம் பெற்று எழுந்தால், இந்நான்கில் எதனால் எழுந்தான்? எளிதாகத் தோன்றும் இக்கேள்வி மிகவும் அரிய கேள்வி. நான் இன்று பேச எடுத்துக்கொண்டுள்ள ஹோமியோபதித் தொழிலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

ஹோமியோபதியைத் தோற்றுவித்தவர் சாமுவேல் ஹானிமன் என்னும் ஜெர்மானிய மருத்துவர். 1755-இல் மைசன் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் காலத்து ஐரோப்பிய மருத்துவம் எப்படிப்பட்டது என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தவனுக்கு நரம்பைக் கீறிக் குருதியை வடித்தார்கள். பாதரச உப்புகளை வாய் வெந்துபோகும் அளவுக்குக் கொடுத்தார்கள். பேதியும் வாந்தியும் உண்டாக்கினால் நோய் வெளியேறிவிடும் என்று நம்பினார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் தொண்டை நோயால் இறந்தபோது, அதற்கு முந்திய சில மணி நேரத்தில் பலமுறை குருதி வடிக்கப்பட்டிருந்தார். இத்தகைய மருத்துவத்தைக் கண்டு மனம் வெறுத்த ஹானிமன் சிலகாலம் தொழிலையே விட்டுவிட்டு, நூல்களை மொழிபெயர்த்துப் பிழைத்து வந்தார்.

அவ்வாறு 1790-இல் மருந்து நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் சிங்கோனாப் பட்டையைப் பற்றிய விளக்கம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. நல்ல உடல்நிலையில் இருந்த தாமே அப்பட்டையைச் சில நாள் உண்டு பார்த்தார். குளிரும் நடுக்கமும் உண்டாயின என்றும், அவை காய்ச்சலின் குறிகளையே ஒத்திருந்தன என்றும் எழுதி வைத்தார். நலமுள்ளவனிடத்தில் எந்தக் குறிகளை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே குறிகளையுடைய நோயை அப்பொருள் தீர்க்கும் என்ற முடிவுக்கு வந்தார். ஒத்தது ஒத்ததைத் தீர்க்கும் என்னும் இக்கொள்கையே ஹோமியோபதியின் முதல் தூண். வெங்காயம் அரிந்தால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறதன்றோ? ஆகவே நீர் வடியும் சளிக்கு வெங்காயத்திலிருந்து செய்த மருந்தைக் கொடுப்பார்கள். நக்ஸ் வாமிகா என்று அவர்கள் வழங்கும் மருந்து நம் நாட்டு எட்டிக்கொட்டையே.

இரண்டாவது தூண், மருந்தை நீர்த்துப்போகச் செய்தல். ஒரு துளி மருந்தை 99 துளி நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்குவது முதற் படி. அக்கலவையில் ஒரு துளியை எடுத்து மீண்டும் 99 துளியில் கலப்பது இரண்டாம் படி. இப்படி முப்பது படி, இருநூறு படி என்று செல்லச் செல்ல மருந்தின் வீரியம் ஏறுகிறது என்பது அம்முறையினரின் நம்பிக்கை. இக்கொள்கைகளைத் தொகுத்து ஹானிமன் எழுதிய 'ஆர்கனான்' என்னும் நூல் 1810-இல் வெளிவந்தது. 1843-இல் அவர் பாரிஸ் நகரில் காலமானார்.

குருதி வடிப்பதும் பாதரசம் ஊட்டுவதும் வழக்கமாக இருந்த காலத்தில், இனிய சர்க்கரை உருண்டைகளைக் கொடுத்து, நன்றாக ஓய்வெடு, காற்றோட்டமான அறையில் படு, தூய உணவை உண் என்று சொன்ன மருத்துவரிடம் மக்கள் திரண்டதில் வியப்பொன்றுமில்லை. கொடிய மருத்துவத்திலிருந்து தப்பியதே அன்று பெரிய மருத்துவமாக இருந்தது.

இம்முறை நம் நாட்டுக்கு வந்த கதை சுவையானது. ஹோனிக்பெர்கர் என்னும் ஐரோப்பிய மருத்துவர் 1839-இல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்குச் சிகிச்சை செய்தார். தமிழகத்திலோ, சாமுவேல் புரூக்கிங் என்னும் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் 1847-இல் தஞ்சாவூரில் ஹோமியோபதி மருத்துவமனை ஒன்றை நிறுவினார். எனினும் தென்னாட்டு வீடுகளுக்குள் இம்மருத்துவம் பரவக் காரணமாக இருந்தது மங்களூர். அகஸ்டஸ் முல்லர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அங்கே கல்லூரியில் கற்பித்துக்கொண்டே, 1880-இல் ஓர் ஆலமரத்தடியில் ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் ஹோமியோபதி மருந்து வழங்கத் தொடங்கினார். 1890-இல் தொழுநோயாளிகளுக்கு இல்லம் அமைத்தார். அவர் 1910-இல் மறைந்த பின்னும் அந்நிறுவனம் வளர்ந்தது. இன்று அதே நிறுவனத்தின் கீழ் ஹோமியோபதிக் கல்லூரியும் நவீன மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன.

வங்காளத்தில் நிகழ்ந்ததை நீங்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். மகேந்திரலால் சர்க்கார் என்பவர் 1863-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற, புகழ்மிக்க ஆங்கில மருத்துவர். ஹோமியோபதியை வன்மையாக எதிர்த்தவர். ஹோமியோபதி நூல் ஒன்றுக்கு மதிப்புரை எழுத வேண்டிய நிலை வந்தபோது, நோயாளிகளை நேரிற் பாராமல் எழுதுதல் முறையன்று என்று கருதி, ராஜேந்திரலால் தத்தா என்னும் ஹோமியோபதி அன்பரின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். கவனித்ததன் பயனாகக் கருத்தை மாற்றிக்கொண்டு, 1867-இல் மருத்துவர் அவையிலேயே அதை அறிவித்தார். உடன் மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள்; வருவாயும் குன்றியது. அவர் மனம் தளரவில்லை. இந்தியர் தாமே சோதனை செய்து உண்மை காண ஓர் இடம் வேண்டும் என்று பல்லாண்டு முயன்று, 1876-இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான், அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் வந்து ஆராயத் தொடங்கிய நம் சர் சி. வி. இராமன், 1928-இல் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். சர்க்கார் நம்பிய மருந்தைப் பற்றி நாம் எம்முடிவுக்கு வந்தாலும், அவர் நம்பிய சோதனை என்னும் முறையை மறுப்பார் எவருமில்லை. இதைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் ஆகிய பகுதிகளில் ரயில்வே ஊழியர்களும் அலுவலக எழுத்தர்களும் ஆசிரியர்களும் மனை வாங்கிக் குடியேறினார்கள். இத்தகைய குடியிருப்புகளில் தெருவுக்கு ஒருவராவது ஹோமியோபதிப் பெட்டி வைத்திருப்பார். பகலில் அலுவலகப் பணி. மாலையில் திண்ணையில் மருத்துவம். கல்கத்தாவிலிருந்து நூல் வரும். மங்களூரிலிருந்து தபாலில் மருந்து வரும். கட்டணம் என்று ஒன்று இராது. இருந்தாலும் மருந்தின் அடக்க விலைதான்.

எங்கள் தெருவிலும் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தார். ரயில்வே எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் இப்பணியைச் செய்தார். மேசை மீது தக்கை மூடியிட்ட சிறு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் கையளவு பருமனுள்ள குறித்தொகுப்பு நூல் ஒன்று. அதில் நோய்க்குறி ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மருந்துகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். வந்தவரை அவர் கேட்கும் கேள்விகள் முடிவே இல்லாதவை. தலைவலி வலப்பக்கமா, இடப்பக்கமா? காலையில் மிகுதியா, மாலையில் மிகுதியா? வெயில் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா? தாகம் உண்டா? இரவில் என்ன கனவு? யார் மீதேனும் கோபம் உண்டா? ஒவ்வொரு விடையையும் நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுவார். பின்னர் நூலைப் புரட்டி, நான்கு உருண்டைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்து, காப்பியை விட்டுவிட வேண்டும் என்பார். காப்பியை விடச் சொன்னதும் நோயே பரவாயில்லை என்று பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள் என்று எங்கள் தெருவில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்வாறு திண்ணையில் நடந்த மருத்துவம், சட்டம் வகுத்த தொழிலாக மாறியதே இத்துறையின் பெரிய மாற்றம். 1937-இல் மத்திய சட்டசபையிலேயே ஹோமியோபதிக்கு ஏற்பு வேண்டும் என்னும் தீர்மானம் வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தமிழ்நாட்டில் 1971-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1973-இல் நாடாளுமன்றம் மத்தியச் சட்டம் இயற்றி, மறு ஆண்டு மத்தியக் குழு அமைந்தது. 1975-இல் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1978-இல் மத்திய ஆராய்ச்சிக் குழு தனியாக அமைந்தது. 2014-இல் ஆயுஷ் என்னும் பெயரில் தனி அமைச்சகமே ஏற்பட்டது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழைய மத்தியக் குழுவுக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் வந்துள்ளது. அதில் நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் உண்டு.

இன்று இத்தொழிலில் புகுவோர் பள்ளியிறுதிக்குப் பின் நீட் தேர்வெழுதி, பயிற்சி ஓராண்டும் சேர்த்து ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்கூறு, மகப்பேறு, அறுவை இயல், தடயவியல் மருத்துவம் ஆகியவற்றையும் கற்கிறார்கள். குறித்தொகுப்பு நூலைப் புரட்டிய விரல்கள் இன்று கணிப்பொறிப் பொத்தான்களை அழுத்துகின்றன. தக்கைக் குப்பி போய்ப் பிளாஸ்டிக் குப்பி வந்துவிட்டது. திண்ணை போய்க் கட்டணப் பலகை தொங்கும் கிளினிக் வந்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மை மறுக்க முடியாதது. பெயரும் பதிவெண்ணும் உடையவரே மருத்துவம் செய்யலாம். தவறினால் கேட்க ஓர் இடம் உண்டு. புற்றுநோய், நீரிழிவு முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அது எல்லா மருத்துவ முறைகளுக்கும் பொருந்தும். 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. ஹோமியோபதி மட்டுமே படித்த ஒருவர், காய்ச்சல் கண்ட நோயாளிக்கு ஆங்கில மருந்துகளைக் கொடுத்து, அந்நோயாளி இறந்துபோன வழக்கு அது. தாம் கல்லாத முறையில் மருத்துவம் செய்தது கவனக்குறைவே என்று நீதிமன்றம் முடிவு கூறி இழப்பீடு வழங்கச் செய்தது. எல்லையை அறிவதும் மருத்துவரின் கல்வியில் ஒரு பாகம் என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

ஆனால் மாணவர்களே, சட்டமும் பட்டமும் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்த வல்லவை. மருந்து நோயைத் தீர்க்கிறதா என்பதை அவை தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்கச் சோதனை ஒன்றே வழி.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வேதியியல் பாடத்தில் அவகாட்ரோ எண்ணைப் படித்திருப்பீர்கள். 58.5 கிராம் சமையல் உப்பில் ஏறத்தாழ 6-ஐ அடுத்து 23 சுழிகள் இட்ட அளவு மூலக்கூற்று அலகுகள் உள்ளன. அந்த உப்புக் கரைசலை மேலே சொன்னபடி நூறில் ஒரு பங்காக நீர்த்துக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு சுழிகள் குறையும். பன்னிரண்டாம் படியில் 24 சுழிகள் குறைந்துவிடுகின்றன. அதாவது, எடுத்த அளவுக்குச் சமமான கரைசலில் ஓர் அலகேனும் எஞ்சுவது ஐயமே. முப்பதாம் படியில் 60 சுழிகள்! அங்கே உள்ளது வெறும் நீரும் சாராயமும்தான். ஹானிமனைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவகாட்ரோ தம் கருதுகோளை வெளியிட்டது 1811-இல். 'ஆர்கனான்' வெளிவந்த மறு ஆண்டு. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை முதன்முதலில் கணக்கிட வழி கண்டவர் லோஷ்மிட். அது 1865-இல், ஹானிமன் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்னர். அவருக்குக் கிடைக்காத அறிவு பதினோராம் வகுப்பு மாணவனுக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் இருப்பது முறையாகுமா?

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். மருந்தை உண்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கலாம். அப்படிக் கேட்ட சோதனை ஒன்று 1835-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் நடந்தது. முப்பதாம் படி வரை நீர்த்த உப்பு மருந்தைச் சில குப்பிகளிலும், வெறும் பனிநீரைச் சில குப்பிகளிலும் நிரப்பி, எண் மட்டும் இட்டு, கலைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு வழங்கினார்கள். எது மருந்து, எது நீர் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. பட்டியல் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்தது. முடிவில், ஏதோ மாற்றம் உணர்ந்ததாகச் சொன்னவர்கள் எட்டுப் பேர். பட்டியலைத் திறந்து பார்த்தபோது அவர்களுள் ஐவர் மருந்தையும் மூவர் வெறும் நீரையும் குடித்திருந்தனர். நீரைக் குடித்த மூவரும் பொய்யர்கள் அல்லர். மருந்து உண்டோம் என்னும் எண்ணமே உடலில் உணர்வுகளை எழுப்ப வல்லது என்பதற்கு அவர்கள் சான்று.

இத்தகைய சோதனைகள் இதுவரை ஏராளமாக நடந்துள்ளன. அவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த ஆஸ்திரேலிய நாட்டுத் தேசிய மருத்துவ ஆய்வுக் குழு 2015-இல், ஹோமியோபதி பயனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று எந்த நோய்க்கும் இல்லை என்று அறிவித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவப் பணி 2017-இல் இம்மருந்துகளை எழுதித் தர வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை கூறியது. பிரான்சு நாட்டு அரசும் இம்மருந்துகளின் செலவை ஏற்பதை 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. நம் நாட்டு ஹோமியோபதி மருத்துவர் பலர் இம்முடிவுகளை ஏற்பதில்லை. ஒரே நோய்க்கு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மருந்து கொடுப்பது எங்கள் முறை. எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்துச் சோதித்தல் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். கேட்கத்தக்க வாதமே. ஆயினும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுக்க விட்டு, பின்னர் பாதிப்பேருக்கு மட்டும் அதையும் மற்றவர்க்கு வெறும் உருண்டையையும் கொடுத்துச் சோதிக்கலாம். அவ்வாறும் சோதித்திருக்கிறார்கள். ஐயத்தை நீக்கும் வெற்றி அதிலும் கிட்டவில்லை.

அப்படியானால் என் தலைவலி எப்படி நீங்கியது, என் மகனின் சளி எப்படித் தீர்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். சளி தானாகவே ஒரு வாரத்தில் தீர்வது. ஏறி இறங்கும் இயல்புடைய நோயில், மிகவும் ஏறியிருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடுகிறோம். பின்னர் இறங்குவது இயற்கை. இவற்றோடு, ஒருவர் முக்கால் மணி நேரம் நம் துன்பத்தைப் பொறுமையாகக் கேட்டார் என்பதே பெரும் ஆறுதல். வள்ளுவர் சொன்ன நான்கு உறுப்புகளில் மருந்தை நீக்கினாலும், நோயாளியின் இயற்கை வலிமையும் மருத்துவரின் அன்பும் உடனிருப்போரின் கவனிப்பும் எஞ்சியிருக்கின்றன அல்லவா? சிறு நோய்களில் அம்மூன்றுமே போதும். கொடிய நோய்களிலோ அவை போதா.

இதை விளக்கத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. டாக்டர் சவுரி முத்து என்பவர் 1928-இல் காசநோயாளிகளுக்கென இங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் நிறுவினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையத்தின் பெயர் அதனால் வந்ததே. அந்நாளில் காசநோய்க்கு மருந்து கிடையாது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. பலர் பிழைத்தார்கள், பலர் மாண்டார்கள். பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தன. அப்போது எழுந்த கேள்வி இது: மருந்து கிடைத்த பின்னும் நோயாளி ஆரோக்கிய நிலையத்தில் ஓராண்டு படுத்திருக்க வேண்டுமா? வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாகாதா?

இதைக் கண்டறியச் சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மறு பிரிவினர் நெருக்கமான தம் குடிசைகளுக்கே திரும்பி, எளிய உணவு உண்டு, அதே மருந்தை அருந்தினர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் உள்ளோருக்கு நோய் தொற்றுவதும் அதனால் மிகுந்துவிடவில்லை. 1959-இல் வெளியான இவ்வாய்வு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. காற்றையும் உணவையும் ஓய்வையும் தெய்வமாக நம்பிய பெரிய மருத்துவர்களும் இந்த முடிவுக்குத் தலை வணங்கினார்கள். ஆங்கில மருத்துவத்தை ஆங்கில மருத்துவமே சோதித்துத் திருத்திக்கொண்டது. இத்துணிவே ஒரு தொழிலுக்குப் பெருமை. குருதி வடிப்பதும் இவ்வாறு எண்ணிப் பார்த்ததனால்தான் ஒழிந்தது.

முன்னர்க் குறிப்பிட்ட எங்கள் தெருப் பெரியவரிடம், 1980-களின் நடுவில், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர் ஒருவர் வந்தார். ஒரு மாதமாக இருமல், மாலையில் இளங்காய்ச்சல், உடல் மெலிவு. பெரியவர் வழக்கம் போல் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஆனால் குப்பியைத் திறக்கவில்லை.

"தம்பி, இது என் பெட்டிக்குள் அடங்கும் நோய் அன்று. நாளைக் காலை சானடோரியத்துக்குப் போய்ச் சளியைச் சோதித்துக்கொள்" என்றார்.

இளைஞர் முகம் கறுத்துவிட்டது. "ஐயா, அந்த வாசலில் என்னைக் கண்டால் என் தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள்? நீங்களே ஏதாவது உருண்டை கொடுங்கள். ஊரெல்லாம் உங்களைத்தானே புகழ்கிறது!" என்று கெஞ்சினார்.

"ஊர் புகழ்வது தலைவலிக்கும் சளிக்கும் அப்பா. நான் உருண்டை கொடுத்தால் நீ நம்பிக்கையோடு வீட்டிலே இருந்துவிடுவாய். அந்த நம்பிக்கையே உன்னைக் கொன்றுவிடும்" என்றார் பெரியவர். மறுநாள் தாமே உடன் சென்று சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். காசநோய் என்று தெரிந்தது. அதன் பின்னும் மாதந்தோறும் அந்த இளைஞர் திண்ணைக்கு வருவார். மாத்திரையை விடாமல் உண்கிறாயா என்று கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எடையைக் குறித்துக்கொள்வார் பெரியவர். உருண்டை ஒன்றும் கொடுக்கவில்லை. இளைஞர் குணமடைந்தார், தங்கையின் திருமணமும் நடந்தது.

அந்த நாற்பதாண்டுப் பணியில் மிகச் சிறந்த மருத்துவம் எது என்று என்னைக் கேட்டால், மருந்தே கொடுக்காத இந்த ஒன்றைத்தான் சொல்வேன். கேட்டறிதல் இருந்தது, எழுதி வைத்தல் இருந்தது, எல்லையை உணர்தல் இருந்தது, உரிய மருந்து எங்கே உண்டோ அங்கே கொண்டு சேர்த்தல் இருந்தது, பின்னரும் உடனிருந்து காத்தல் இருந்தது.

இன்று சானடோரியத்தில் மார்பு நோய் மருத்துவமனையும், 2005-இல் தொடங்கி வைக்கப்பட்ட தேசியச் சித்த மருத்துவ நிறுவனமும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. சற்று நடந்தால் ஹோமியோபதி, ஆயுர்வேதக் கிளினிக்குகளும் நவீன மருத்துவமனைகளும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றன. எந்த வாசலில் நுழைவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு உங்களுடையதாகும் நாள் வரும். அதற்காகச் சில சொற்கள் கூறி முடிக்கிறேன்.

எந்த முறை மருத்துவரானாலும், அவர் பதிவு பெற்றவரா, எம்முறையில் பதிவு பெற்றவர் என்று கேட்டறியுங்கள். இது அவமதிப்பு ஆகாது, உங்கள் உரிமை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமறியா உடல் மெலிவு, மார்வலி, மூச்சுத் திணறல், நினைவு தடுமாறுதல் ஆகியவை நேர்ந்தால் உருண்டையை நம்பிப் பொழுது போக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காசநோய் மாத்திரைகளையோ, நீரிழிவுக்குரிய இன்சுலினையோ, குழந்தைகளின் தடுப்பூசியையோ யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. இரண்டாம் மாதத்திலேயே உடல் தேறிவிடும். தேறியதும் நிறுத்தியவனிடம் அந்நோய் மருந்துக்கு அடங்காததாகி மீண்டும் வரக்கூடும். வேறு முறை மருந்து எதையேனும் உண்டுகொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உங்களுள் சிலர் நாளை ஹோமியோபதிக் கல்லூரியில் சேரலாம். சேர்வோருக்கு நான் சொல்வது இது. உங்கள் முன்னோர் விட்டுச் சென்ற சிறந்த செல்வம், பொறுமையாகக் கேட்கும் வழக்கமும், கேட்டதை எழுதி வைக்கும் வழக்கமும். அவற்றைக் கட்டணப் பலகைக்குப் பலி கொடுத்துவிடாதீர்கள். எழுதி வைத்ததை நேர்மையான சோதனைக்கு உட்படுத்துங்கள். சோதனை எதிராகப் பேசினால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுள் வேறு சிலர் நவீன மருத்துவம் பயிலக்கூடும். இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பிவிடும் அவசரத்தினால்தான் மக்கள் கேட்பாரைத் தேடி வேறு வாசலுக்குப் போகிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

கண்டதனால் கருத்தை மாற்றிக்கொண்ட மகேந்திரலால் சர்க்கார், சோதனைக்கு ஒரு வீடு கட்டி வைத்துவிட்டுச் சென்றார். அவர் மாற்றிக்கொண்ட கருத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அவர் கட்டிய வீட்டின் வாசல் நம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.